ஈயத்தாள் சுற்றிய அலகு

கண்ணாடியை யன்னல் சட்டத்துக்குள் இறக்கி ஒரு மூலையைச் சுட்டுவிரலால் அழுத்தினேன். எதிர் மூலை எழும்பி ‘டக்’ என்றது. விரலை எடுத்தேன். அது இறங்கி மறுபடியும் ‘டக்’ என்றது. ஒரு கால் குட்டையான கதிரை ஆடுவது போல அந்தக் கண்ணாடி ஆடியது.

திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் தச்சுப் பட்டறை. காலை பத்து மணி இருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். முதிரை மரத்தூள் என் புருவத்திலும் சேலையிலும் மஞ்சளாக அப்பிக் கிடந்தது. வாய்க்குள்ளும் போயிருந்தது. மூக்கைத் துடைத்தால் முந்தானையும் மஞ்சளாகும்.

முதலில் கண்ணாடியைத்தான் திட்டினேன். வளைந்த கண்ணாடியை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். எடுத்து மேசையில் வைத்தால் சமனாகக் கிடந்தது. அடுத்த சட்டத்தில் இறக்கினேன். ‘டக்.’ அதற்கு அடுத்ததில் இறக்கினேன். ‘டக்.’ அந்தக் கிழமை முழுவதும் நான் வெட்டியவை எட்டுச் சட்டங்கள். எட்டிலும் ஆடியது.

பிழை கண்ணாடியில் இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு எட்டாவது சட்டம் வரை தேவைப்பட்டது. என் பிடிவாதம் அப்படிப்பட்டது.

மரவேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். யன்னல் சட்டத்தின் உள்விளிம்பைச் சுற்றி ஒரு படி வெட்டுவார்கள். அந்தப் படியில்தான் கண்ணாடி உட்காரும். கட்டட வேலையை மேற்பார்க்கும் ஓவசியர்மார் அதை ‘றிபேட்’ என்பார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் கண்ணாடிப்படி. அதன் ஆழம் நாலு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி ஆடும், புட்டி என்ற பசைக்களிம்பு வைத்து அழுத்தினால் வெடிக்கும், வெடிக்காமல் தப்பினாலும் மழைத்தண்ணீர் உள்ளே வரும்.

எங்கள் கணக்கில் நாலு நூல் ஆழம் வேண்டும், அதாவது அரை அங்குலம். தச்சுவேலையில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். அளவுக்குச்சியை எடுத்துப் படிக்குள் விட்டுப் பார்த்தேன். வெட்டத் தொடங்கிய இடத்தில் நாலு நூல் சரியாக இருந்தது. சுற்றி வந்து முடித்த இடத்தில் ஆறு நூல்.

குந்திவிட்டேன். அந்தச் சட்டங்கள் ஓவசியர் ஒருவர் நம்பித் தந்த ஒரு பெரிய வேலைக்கானவை. அந்த வேலை கைநழுவினால் பட்டறையைப் பூட்டுவது, மெசினை விற்பது, என் கணவர் சவிரி சீனக்குடாப் பக்கம் ஒரு காவல் வேலைக்குப் போவது என்று நாங்கள் இருவரும் பேசி முடித்திருந்தோம்.

நேவிக்காரர் காலத்து மெசின்

சவிரிமுத்து என்ற என் கணவரை ஊரில் எல்லோரும் ‘சவிரி ஓடாவியார்’ என்பார்கள். ஓடாவி என்றால் தச்சன். இளம் வயதில் வெள்ளைக்கார நேவியின் டொக்யாட்டில் தச்சுவேலை செய்தவர். வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறியபோது பல சாமான்கள் பல கைகளுக்குப் போயின. அப்படிப் போன ஒரு றவுட்டர் மெசின் சில வருடங்கள் கழித்து மெசின் பூட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பிற்றரிடமிருந்து எங்களிடம் வந்தது. இரண்டு பக்கமும் பிடியுள்ள பாரமான இங்கிலீசு மெசின். நடுவில் ஒரு வாய். அந்த வாயில் வெட்டும் அலகைச் செருகி இறுக்கினால், அலகு சுழன்று மரத்தில் காடி எனும் நீளப் பள்ளம் எடுக்கும், படி வெட்டும்.

அந்தக் காலத்துத் திருகோணமலையைப் பற்றி எழுதப் போனால் இந்த அத்தியாயம் எங்கேயோ போய்விடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நானும் நேவிக்காரரை நம்பிப் பிழைத்தவள்தான். குமரியாக இருந்தபோது அவர்களுடைய மனைவிமாரின் கவுன்களைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒருத்திக்கு இடுப்பில் தொளதொளக்கும், அடுத்தவளுக்குத் தோளில் தொங்கும். எங்கே எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது என் விரலுக்குத் தெரியும். அவர்கள் போன பிறகு பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தேன். அந்தத் தையல் புத்திதான் பிறகு என் காலை வாரியது. அதற்கு வருகிறேன்.

மெசின் எங்களுக்கு நன்றாகத்தான் உழைத்தது. ஒரு நாள் சவிரி அவசரப்பட்டார். பெரிய அலகொன்றைப் பூட்டி, மூன்று தரத்தில் வெட்ட வேண்டிய ஆழத்தை ஒரே தரத்தில் வெட்டப் போனார். முதிரை விட்டுக்கொடுக்கிற மரம் இல்லை. மெசின் துள்ளியது. வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

அதன் பிறகு அவர் மெசினைத் தொடவில்லை. என்னையும் தொடக்கூடாது என்றார். நான் “சரி” என்றேன். அவர் காயத்துக்கு மருந்து கட்டப் போயிருந்த ஒரு காலையில் தொட்டேன்.

கழிவுப் பலகை ஒன்றில் பழகிக்கொண்டிருந்தபோது சத்தம் ஒழுங்கை வரைக்கும் கேட்டிருக்கிறது. கட்டுப் போட்ட கையோடு ஓடி வந்தார். நான் மெசினை நிற்பாட்டினேன். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மரம் உனக்கு முன்னால கிடந்தா இடமிருந்து வலமாத் தள்ளு. மற்றப் பக்கம் தள்ளினியோ, உன்னையும் இழுத்துக்கொண்டு ஓடும்,” என்றார்.

அதுதான் அனுமதி. வேறு விதமாக அவருக்குச் சொல்லத் தெரியாது.

சாக்குக்குப் பின்னால்

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. பட்டறையின் நடுவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டோம். முன்பக்கம் அவர், பின்பக்கம் மெசினும் நானும். வேலை கொடுக்க வருகிறவர்கள் அவரோடு கதைப்பார்கள். நான் தேத்தண்ணி கொண்டு வருவேன். அவர்கள் போன பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்குவேன். மூலைகளை உளியால் சதுரமாக்குவதும் பொருத்துவதும் அவர். மிச்சக் கையிலும் அவருக்கு உளி நன்றாகப் படிந்தது. படியும் காடியும் நான். ஓடாவியார் இடது கையால் மெசின் பிடிக்கப் பழகிவிட்டார் என்று ஊர் நம்பியது. ஊர் எதை நம்ப விரும்புகிறதோ அதை நம்பும்.

மறைத்தது அவருடைய மானத்துக்காகவா, வேலை வர வேண்டும் என்பதற்காகவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். பொம்பிளை வெட்டின யன்னலை யார் வாங்குவான் என்று நானே நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நினைத்தேன்.

இந்தத் தொடரின் முந்திய அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகி போன கிழமை எழுதிக் கேட்டிருந்தார், விரல் தின்ற மெசினைப் பிடிக்க உங்களுக்குப் பயமாக இருக்கவில்லையா என்று. பிள்ளை, பயம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒவ்வொரு நாளும் சுவிச்சைப் போட்டேன்.

ஓவசியர் கொண்டு வந்த வேலை

புல்மோட்டைப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளைப்பேற்று விடுதி. கட்டிய நாளிலிருந்து யன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை, பலகைக் கதவுதான். சாத்தினால் இருட்டு, திறந்தால் கடற்காற்று. பன்னிரண்டு யன்னல், ஒன்றுக்கு இரண்டாக இருபத்து நாலு சட்டம். மாரி மழை தொடங்க முதல் பூட்ட வேண்டும்.

அந்த விடுதிக் கட்டடத்துக்குப் பொறுப்பான ஓவசியர் நல்ல மனிதர். சிரிக்க மாட்டார், ஆனால் பொய்யும் சொல்ல மாட்டார். எங்கள் கதிரையில் இருந்துகொண்டு சவிரியிடம் சொன்னார்.

“போன மாரிக்கு அங்க ஒரு தாய், பிறந்த பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு கட்டில்ல குடை பிடிச்சபடி இருந்தவ. நான் கண்ணால கண்டனான். இந்த முறையும் அப்பிடி நடந்தா நான் மனிசனே இல்லை. உங்கட கையை நம்பித்தான் தாறன் ஓடாவியார். இது சரி வந்தா அடுத்த கட்டடமும் உங்களுக்குத்தான்.”

தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. நானும் ஒரு மாரியில்தான் என் மூத்தவளைப் பெற்றேன். என் தலைக்கு மேல் ஓடு இருந்தது, யன்னலுக்குக் கண்ணாடி இருந்தது. அந்த முகம் தெரியாத பெண்ணுக்குக் குடைதான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. யாரும் அகப்படாததால் அந்தக் கோபத்தை வேலையில் போட்டேன்.

தகரப் பெட்டிக்குள் நாலு

எங்களிடம் இருந்த அலகுகள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. சாப்பிடும் பாணுக்கே வரிசையில் நின்றோம், றவுட்டர் அலகுக்கு எங்கே போவது? நகரத்தில் சந்தைக்குப் பக்கத்தில் லெத்தீப் நானாவின் இரும்புக்கடை ஒன்றுதான் வழி. நானா கிண்ணியாக்காரர். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்காரர்களிடம் கைமாறிய சாமான்கள் சில அவரிடம் இருக்கும்.

“என்ன தங்கச்சி, ஓடாவியார் வரல்லையா?” என்றார்.

“அவருக்கு உடம்பு சரியில்லை நானா. என்ன வேணுமெண்டு சொல்லி விட்டவர்.”

பொய் சொல்லிப் பழகிவிட்டது. நானா ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய நாலு அலகுகள்.

ஒன்று வெறும் நேரான அலகு, மெல்லியது. நாலு பக்கமும் கோடு பிடித்துக்கொண்டு போக அதற்கு வழிகாட்டி இல்லை. இரண்டாவதின் தண்டு அரை அங்குலத் தடிப்பு. எங்கள் மெசினின் வாய் கால் அங்குலம்தான், அது நுழையவே நுழையாது. மூன்றாவது இங்கிலீசு அலகு, கால் அங்குலத் தண்டு, படி வெட்டுவதற்கென்றே செய்தது. நுனியில் ஒரு சின்ன உருண்டைத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அது மரத்தின் விளிம்பில் உரசிக்கொண்டே போவதால் படியின் அகலம் மாறாது. ஆனால் அந்தத் தண்டும் அலகோடு சேர்ந்து சுழலும். ஒரு நொடி தாமதித்தால் மரத்தைக் கருக்கிவிடும். வெட்டும் விளிம்பும் வெறும் உருக்கு. முதிரைக்கு இரண்டு சட்டம் தாங்கினால் பெரிய காரியம்.

நாலாவதை எடுத்தேன். யப்பான் சாமான். வெட்டும் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கடினமான உலோகத்தை ஒட்டியிருந்தார்கள். முதிரை என்ன, அதைவிட வைரமான பாலை மரத்தையே வெட்டும் என்றார் நானா. நுனியில் உருண்டைத் தண்டுக்குப் பதிலாக ஒரு குட்டிச் சில்லு. நகத்தால் தட்டினேன். சத்தமே இல்லாமல் சுழன்றது. அலகு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அந்தச் சில்லு மரத்தோடு ஒட்டி மெதுவாக உருளும். கருக்காது.

எனக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. நகைக்கடையில்கூட நான் அப்படி நின்றதில்லை.

“தங்கச்சி, ஒண்டு சொல்றன் கேளுங்க,” என்றார் நானா. “இது மில்லிமீற்றர் சாமான். தண்டு ஆறு மில்லிமீற்றர். உங்கட மெசின் அங்குலக் கணக்கு. கொஞ்சம் லூசாத்தான் இரிக்கும். மத்த இங்கிலீசு அலகு அசிங்கமா இரிந்தாலும் அது பொருந்தும்.”

“எவ்வளவு லூசு?”

பெருவிரல் நகத்தைக் காட்டினார். “இந்த நகத்தின்ர தடிப்புக்கூட வராது.”

“அப்ப அது ஒரு லூசே நானா?” என்று சிரித்துக்கொண்டு யப்பான் அலகை முந்தானையில் முடிந்தேன்.

அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. இதில் நானா மேல் ஒரு சொட்டுக் குற்றமும் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொளதொளத்தால் பிடித்துத் தை

வீட்டுக்கு வந்து அலகை மெசின் வாயில் செருகி இறுக்கினேன். நானா சொன்னது போலவே இலேசாக ஆடியது. என் விரலுக்கு உடனே வேலை தெரிந்தது. இடுப்பில் தொளதொளத்தால் என்ன செய்வோம்? பிடித்துத் தைப்போம். சவிரியின் சிகரெட் பெட்டியிலிருந்து ஈயத்தாளை உரித்து, தண்டில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகினேன். இறுக்கினேன். அசையவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எந்த ஓடாவியும் செய்யாத வேலை அது. ஒரு தையல்காரிக்குத்தான் அந்த யோசனை வரும்.

முதல் சட்டத்தை வெட்டியபோது மரம் வெண்ணெய் போல விட்டுக்கொடுத்தது. கருக்கல் மணமே இல்லை. படியின் சுவர் அப்படி வழுவழுத்தது. சவிரியைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். “நல்ல அலகு,” என்றார். ஈயத்தாளைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரிந்தே சொல்லவில்லை.

நடந்தது இதுதான். மெசின் அதிர அதிர ஈயத்தாள் நசுங்கியிருக்கிறது. நசுங்க நசுங்க அலகு மயிரிழை மயிரிழையாகக் கீழே இறங்கியிருக்கிறது. அலகு இறங்கினால் படி ஆழமாகும். ஒவ்வொரு சட்டத்தையும் தொடங்கும்போது நான் புதுத்தாள் சுற்றி, அளந்து, நாலு நூலுக்கு வைத்துத்தான் தொடங்கினேன். அதனால் தொடக்கம் எப்போதும் சரி. முடிவை அளக்க எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி வந்து சேர்ந்த அன்றுதான் அது ‘டக்’ என்று சொல்லித் தந்தது.

எட்டுக்கு எட்டு

குந்தியிருந்தவளைச் சவிரி வந்து பார்த்தார். நான் கண்ணாடியை அழுத்திக் காட்டினேன். அவர் மெசினைத் தூக்கி, வாயைத் தளர்த்தி, அலகை வெளியே எடுத்தார். கறுத்து நசுங்கிய ஈயத்தாள் அவர் உள்ளங்கையில் விழுந்தது.

எட்டுச் சட்டம் போனதற்காக ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

“இது கழண்டு பறந்திருந்தா?” என்றார். “உன்ர கண்ணுக்கு நேர வந்திருந்தா? எங்கட வீட்டில ரெண்டு விரல் போனது காணாதே?”

“கழரேல்லைத்தானே.”

“வாயை மூடு. உனக்கு விசரே? ஆர் சொன்னது தாள் சுத்தச் சொல்லி?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் சுத்தினனான்.”

“காணும் றெஜினா. இதோட விடுவம். நான் ஓவசியரிட்டப் போய் ஏலாது எண்டு சொல்றன். சீனக்குடாவில ஆள் கேட்டவங்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு கேற்றில நிண்டால் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது.”

அவர் பயந்துபோயிருந்தார். எனக்கு அது விளங்கியது. விளங்கியும் கோபம் வந்தது.

“நீங்கள் தொப்பி போட்டால் நல்லாத்தான் இருக்கும்,” என்றேன். “ஆனா இஞ்சாருங்கோ, கெடுத்தது நான். நான் திருத்தாமல் நீங்கள் போய் ஏலாது எண்டு சொல்லேலாது. மாரிக்கு இன்னும் நாள் கிடக்கு.”

“எப்பிடித் திருத்துவாய்? வெட்டின மரம் வளருமே?”

மனதின் ஒரு மூலையில் கெட்ட எண்ணமும் வந்தது. புட்டியைத் தாராளமாக அப்பினால் பள்ளம் மேடு தெரியாது, ஓவசியர் காணமாட்டார், மாரி தொடங்கும்போது நாங்கள் அங்கே இருக்கமாட்டோம். கொஞ்ச நேரம் அதையும் யோசித்தேன். பிறகு அந்தக் குடை ஞாபகம் வந்தது. எனக்கே வெட்கமாகப் போனது.

அசிங்கமான அலகு

அடுத்த நாள் காலை முதல் வேலையாக நானாவின் கடைக்குப் போனேன். யப்பான் அலகைத் தட்டில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தகரப் பெட்டியைத் திறந்து அந்த இங்கிலீசு அலகை எடுத்துத் தந்தார்.

“நான் சொன்னன்தானே எண்டு ஒரு தரம் சொல்லிடுங்கோ நானா. எனக்கு மனம் ஆறும்.”

“சொல்ல மாட்டன் தங்கச்சி. இத விடத் தீட்டுக்கல்லு ஒண்டு கொண்டு போங்க. அதான் உதவும்.”

வீட்டுக்கு வந்து தண்டைச் செருகினால் கையுறை போலப் பொருந்தியது. ஆனால் முதல் ஓட்டத்திலேயே நுனியிலிருந்த உருண்டைத் தண்டு உரசிய இடம் கருகி, பட்டறை முழுக்கப் புகை மணத்தது. அழகான அலகு தேடியவளுக்கு இது தண்டனைதான். இரண்டு நாள் கழிவு மரத்தில் பழகினேன். நிற்கக்கூடாது, ஓடவும் கூடாது. நாலு நூலை மூன்று தரமாக வெட்ட வேண்டும். மூலையில் திரும்பும்போது மூச்சை விடாமல் ஒரே வேகத்தில் திருப்ப வேண்டும். தையல் மெசினில் கழுத்து வளைவைத் திருப்புகிற அதே பக்குவம். அந்த இடத்தில் மட்டும் தையல் எனக்குக் கைகொடுத்தது.

இரண்டு சட்டத்துக்கு ஒரு முறை அலகு மழுங்கியது. தீட்டுகிற வேலையைச் சவிரி தானாகவே எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. கல்லில் எண்ணெய் விட்டு, அலகின் தட்டையான உட்பக்கத்தை மட்டும் இடது கையால் தேய்ப்பார். வெளிப்பக்கத்தைத் தேய்த்தால் அலகு சிறுத்துப் படியின் அகலம் மாறிவிடும். அவர் தீட்டித் தரும்வரை நான் முடித்த இடம் எல்லாவற்றையும் குச்சியால் அளப்பேன். தொடக்கம், நடு, முடிவு, நாலு மூலை. அந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. தோசை வார்த்தாலும் முடிவில்தான் பார்க்கிறேன்.

பதினாறு சட்டமும் நாலு நூலில் நின்றன.

பழுதான எட்டும் சுவரோரம் சாய்ந்து கிடந்து என்னைப் பார்த்தன. ஒரு நாள் மத்தியானம் சோற்றுக் கோப்பையோடு அவற்றுக்கு முன்னால் போய் இருந்தேன். எட்டிலும் ஆகக் கூடின ஆழம் ஆறு நூல். மரத்தின் தடிப்பு பன்னிரண்டு நூல். சரிபாதி மிச்சம் இருக்கிறது. வெட்டியதைத் திருப்பி ஒட்ட ஏலாது. ஆனால் வெட்டாத இடத்தையும் ஆறு நூலுக்கு இறக்கலாமே!

“எல்லாத்தையும் ஆறாக்கினால் கண்ணாடி ஆடாது,” என்றேன்.

சவிரி சாப்பாட்டை நிறுத்தினார். “சட்டம் மெலியும்.”

“உடையுமே?”

எழும்பிப் போய் ஒரு சட்டத்தைத் தூக்கி முழங்காலில் வைத்து அழுத்திப் பார்த்தார். கடைசியில், “உடையாது. ஆனா கடல் பக்கத்துக்கு வைக்கேலாது. கடல் பக்கம் எட்டு யன்னல், அதுக்குப் பதினாறு சட்டம் கிடக்கு. தரைப் பக்கம் நாலு யன்னல். இந்த எட்டையும் அங்க போடுவம். புட்டிக்கு மேல ஒரு மெல்லிய மரச் சலாகையும் அடிச்சால் நிக்கும்,” என்றார்.

காவல் தொப்பியைப் பற்றி அதன் பிறகு அவர் கதைக்கவில்லை.

ஒரு வாளித் தண்ணீர்

புல்மோட்டைக்கு லொறியில் போனோம். சட்டங்கள் வைக்கோலுக்குள், கண்ணாடிகள் சாக்குக்குள், நான் அவற்றுக்கு நடுவில். உதவிக்கு வந்த மனைவி என்று பெயர். இறக்கக்கண்டியில் கருவாட்டு மணம், அதைத் தாண்டினால் உப்புக்காற்று. வடக்கே வானம் ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் லொறி விழும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் எல்லாவற்றையும் பூட்டிப் புட்டி வைத்தோம். புட்டி காய்ந்த பிறகு ஓவசியர் வந்தார். வெளியே நின்று ஒவ்வொரு யன்னலுக்கும் ஒரு வாளித் தண்ணீரை வீசி அடிக்கச் சொன்னார். உள்ளே வந்து கீழ்ச்சட்டத்தை விரலால் தடவினார். கடல் பக்கம் எட்டும் காய்ந்த விரல். தரைப் பக்கம் நாலும் காய்ந்த விரல்.

அவர் தரைப் பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். மற்றப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஓடாவியார், இதில றிபேட் ஆழம் கூட. சலாகையும் அடிச்சிருக்கு. என்ன நடந்தது?”

சவிரி வலது கையால் சலாகையைத் தடவினார். ஓவசியர் அவருடைய வலது கையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“நான் குறையாச் சொல்லேல்லை. தண்ணி வரேல்லை, அது போதும். ஆனா உங்கட கை இனி முந்தி மாதிரி இல்லைப் போல. அடுத்த கட்டடத்துக்கு நான் வேற ஆளைத்தான் பாக்கோணும். மனம் நோக வேண்டாம்.”

“ஓம் ஐயா,” என்றார் சவிரி. “என்ர கைதான். என்ர பிழைதான்.”

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அந்த நேரம் எனக்கு ஏறிய கோபத்தை என்ன சொல்ல! என் பிழையை அவர் எடுத்துக்கொண்டால், அதோடு சேர்த்து என் பதினாறு சட்டத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார். பட்டறையும் பூட்டப்படும். நான் வெட்டினேன் என்பதற்கு ஒரு சாட்சியும் மிஞ்சாது.

“அது அவற்ர பிழை இல்லை,” என்றேன்.

ஓவசியர் திரும்பினார்.

“வெட்டினது நான். இந்த எட்டும் நான் கெடுத்தது. அந்தப் பதினாறும் நான் வெட்டினது. மூலையெல்லாம் அவர் உளியால எடுத்தது. அலகு தீட்டினதும் அவர்தான். மெசின் பிடிச்சது நான்.”

“நீங்களோ?”

“ஓம்.”

சிரிக்காத மனிதர், அன்றும் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. கணவனைக் காப்பாற்ற மனைவி சொல்கிற கதை என்று நினைத்திருக்கிறார்.

“அப்ப சொல்லுங்கோ பாப்பம். ஏன் ஆழம் கூடினது?”

“ஆறு மில்லிமீற்றர்த் தண்டைக் கால் அங்குல வாயில பூட்டினனான். லூசுக்கு சிகரெட் ஈயத்தாள் சுத்தினனான். தாள் நசுங்க அலகு கீழ இறங்கிட்டுது. தொடங்கேக்க நாலு நூல், முடியேக்க ஆறு. நான் தொடக்கத்தை மட்டும் அளந்தனான். பிறகு எட்டையும் ஆறாக்கினனான். இங்கிலீசு அலகு வாங்கி மற்றதை மூண்டு தரமா வெட்டினனான். அது கருக்கும், ஆனா இறங்காது.”

சொல்லி முடித்தேன். வெளியே யாரோ வாளியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. இப்படி ஒரு பிழையைச் சும்மா இருந்தவள் கற்பனையில் செய்ய ஏலாது. அது ஓவசியருக்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தில் கண்டேன்.

“எவ்வளவு காலமா?” என்று கேட்டார்.

“ரெண்டு வருசம்.”

“போன வருசம் என்ர வீட்டுக்குச் செய்த கண்ணாடி அலுமாரி?”

“அதுவும்.”

அவர் கடல் பக்கத்துக்குப் போய் ஒரு யன்னல் சட்டத்தை மறுபடியும் தடவினார். பிறகு பையிலிருந்து கொப்பியை எடுத்தார். இரண்டு வருடமாகச் சவிரியின் முகத்தைப் பார்த்தே கதைத்த மனிதர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

“அடுத்த கட்டடத்துக்குப் பதினெட்டுச் சட்டம். இதே முதிரை. உங்களுக்கு எத்தினை நாள் வேணும்?”

என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. எங்கே முடியாது என்று நினைத்துவிடுவாரோ என்று அவசரமாக, “நாப்பது நாள்,” என்றேன்.

பக்கத்தில் நின்ற சவிரி என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“அவசரப்படாத. அம்பது எண்டு சொல்லு.”

“அம்பது,” என்றேன். ஓவசியர் எழுதிக்கொண்டார்.